கொக்கு குளிக்கட்டும்

அக்கா,

பைனாகுலர் உறையைத் திறந்ததும் பழைய தோலும் பாச்சை உருண்டையும் கலந்த உங்கள் வீட்டு பீரோ வாசனை வந்தது. முந்தாநாள் உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். “பாப்பாவுக்குக் குடுக்கச் சொன்னாம்மா. எனக்குத்தான் எடுத்துக்கினு வர மூணு மாசம் ஆயிடுச்சு.” காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

சுரங்க வேலைக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ரஷ்யாக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பைனாகுலர். உங்களிடம் வந்த பிறகுதான் அதற்கு வேலை கிடைத்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நான், ஜலதோஷம் பிடிக்குமோ, பூச்சி கடிக்குமோ என்று கைக்குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். நீங்கள் ஜன்னலில் தட்டுவீர்கள்.

“ஏம்மா, வூட்லயே குந்திகினு புள்ளைய மோந்துகினே இருந்தா ஆச்சா? கெளம்பு!”

ஆண்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனதும் நாம் பஸ் ஏறுவோம். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடும் வாய்க்கால்தான் நம் இடம். முதல் நாளே சாம்பல் நிறத்தில் ஒரு கொக்கைப் பார்த்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று நோட்டில் எழுதினேன். விலங்கியல் பட்டதாரி அல்லவா!

“இரு. கொக்கு குளிக்கட்டும், அப்பறம் பேரு வெக்கலாம்” என்றீர்கள்.

அது தண்ணீரில் இறங்கி மூன்று முறை இறக்கையை உதறியது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையில் மேய்ந்துவிட்டு வந்த சாதாரண வெள்ளைக் கொக்கு.

“காலேஜ்ல தவளைய அறுக்க மட்டுந்தான் சொல்லிக்குடுத்தாங்களா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிள்ளை பெற்ற பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த தையில் பாப்பாவுக்கு ஒன்றரை வயது. எதிர்க்கரையில் மீன்கொத்தி. “பாரு, பாரு” என்று பைனாகுலரை என்னிடம் நீட்டினீர்கள். அது மீனோடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொப்பென்று சத்தம். நான் திரும்புவதற்குள் நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கியிருந்தீர்கள்.

குழந்தை அழுத பிறகுதான் எனக்கு வாய் வந்தது. “பெத்தவளா இருந்தா பிள்ளை மேல கண்ணு இருந்திருக்கும்!”

யாருடைய கண் எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நனைந்த புடவையைப் பிழிந்தீர்கள். பாப்பாவின் காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தீர்கள். பஸ்ஸில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தீர்கள்.

அந்த மாதமே எங்களுக்கு வேறு பிளாக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்காமல் இருக்க அது வசதியாகப் போயிற்று. உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டும், அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே நீங்கள் கண்மூடும்வரை நாளைக் கடத்தினேன். இந்தக் கடிதமும் அப்படித்தான், நேரம் தவறி வருகிறது. பைனாகுலர் என் கண்ணில்தான் இருந்தது, அக்கா. பிள்ளையைக் காப்பாற்றியவரைத்தான் அப்படிச் சொன்னேன்.

இன்று காலை பாப்பாவை அதே வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். கரை தெரிந்ததும் கால் பின்வாங்கியது, போனேன். நாலு வயசுக் கழுத்துக்கு அந்தப் பைனாகுலர் பாரம்தான். கழற்ற மாட்டேன் என்கிறாள்.

“அம்மா, அழுக்குக் கொக்கு! அது பேரு என்னம்மா?”

“இரு, குளிக்கட்டும். அப்பறம் பேரு வெக்கலாம்.”

“யாரு சொன்னா?”

உங்களைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரில் விழுந்ததை, தூக்கியது யார் என்பதை, நான் சொன்ன சொல்லையும் மறைக்காமல். எவ்வளவு புரிந்ததோ. கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கொக்கு குளித்து வெளுத்ததை அவள்தான் பார்த்தாள். நான் அவள் பாவாடை நுனியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.