சிதம்பரமா, புதுச்சேரியா

விருத்தாசலம்
23.6.2025

அண்ணன் ஹஸ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். எனக்கு இருக்கும் கோபத்துக்கு இதுவே அதிகம்.

நேற்று போனில் "சிதம்பரம்தான், பேச்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு கட் பண்ணினீர்கள். அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்சவல்லி அக்கா அப்படியே நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அதனால் இனிமேல் போன் பேச்சு கிடையாது. காகிதத்தில் எழுதி, அம்மா போனில் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீங்களும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். காகிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு எனக்கு இரண்டு இடத்தில் சீட் வந்திருக்கிறது. ஒன்று சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இன்னொன்று, நுழைவுத்தேர்வு எழுதிக் கிடைத்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இரண்டுமே அரசாங்கத்துடையவை. நம் தெருவில் இதுவரை யாருக்கும் இப்படி வந்ததில்லை. ஒரு வாழ்த்து சொன்னீர்களா நீங்கள்? "புதுச்சேரின்னா ஹாஸ்டலு, அதெல்லாம் வேணாம்" என்றீர்கள். புதுச்சேரிதான் வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

நாளைக்கு சிதம்பரம், புதன்கிழமை புதுச்சேரி. இரண்டையும் நேரில் பார்க்கப் போகிறேன். என்னோடு பி.எஸ்சி. படித்த துர்காவும் வருகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் புதுச்சேரி சீட்டை உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் போய்விடும்.

விண்ணப்பம் இரண்டிலும் உங்கள் நம்பர்தான் கொடுத்திருக்கிறது. நம் வீட்டில் எதற்குத்தான் உங்கள் நம்பர் இல்லை? கேஸ், ரேஷன், ஆதார், அம்மாவின் பேங்க், எல்லாவற்றுக்கும் தோஹாவில் உங்கள் சட்டைப்பையில் கிடக்கிற அந்த இந்தியா சிம்தான். சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார், அம்மா உங்களைக் கூப்பிட்டு "ஹஸ்ஸானு, ஓடிபி வந்துச்சா?" என்பார்கள். அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணினதிலிருந்து இப்படியேதான் ஓடுகிறது. நான் உறுதி செய்கிற அன்றைக்கு ஓடிபி வந்தால் உடனே சொல்லுங்கள். தூங்கிட்டேன், டூட்டியில் இருந்தேன் என்ற கதை வேண்டாம்.

கோபத்துடன்,
நாஜியா


தோஹா
24.6.2025

அன்புத் தங்கச்சி நாஜியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பேனா பிடித்து எவ்வளவு காலமாகிறது! காகிதம் கிடைக்காமல் கடை ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன். ரூமில் பெண்ணாடத்துப் பழமலைநாதன் எட்டிப் பார்த்து "யாருக்கு மாப்ள லவ் லெட்டரு?" என்கிறான். என் தங்கச்சி என்னைத் திட்டுகிறாள், பதில் எழுதுகிறேன் என்றேன். சிரிக்கிறான்.

வாழ்த்து சொல்லவில்லையாம். உனக்கு சீட் கிடைத்த அன்று கடையில் இருக்கிற மொத்தப் பேருக்கும் நான்தான் சாக்லேட் கொடுத்தேன். உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் சந்தோஷமே இல்லை என்று ஆகிவிடுமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். சிதம்பரம் என்றால் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பாய். அம்மாவுக்கும் துணை. புதுச்சேரி என்றால் அம்மா தனியாக, நீ தனியாக, நான் இங்கே தனியாக. இருட்டின பிறகு என் தங்கச்சி எந்த ஊரில் எந்த ரோட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு என்னால் அரிசி மூட்டை அடுக்க முடியாது. நாளைக்கு ஒன்று நடந்தால் ஊர் உன்னைக் கேட்காது, "ஹஸ்ஸான் என்ன பண்ணினான்" என்றுதான் கேட்கும்.

நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டையும் யூடியூபில் பார்த்துவிட்டேன். இரண்டிலும் கட்டடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, அதே கெமிஸ்ட்ரிதான்.

நான் செராமிக் டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினபோது, உனக்கு எது வேணும் என்று என்னை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு எது வேண்டுமோ அதைச் செய்தேன். நீயும் கொஞ்சம் அப்படி யோசி.

வெயிலில் அலையாதே. போனால் குடை எடுத்துக்கொண்டு போ.

அண்ணன்
ஹஸ்ஸான்


விருத்தாசலம்
26.6.2025

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குடை எடுத்துக்கொண்டு போனேன். அதை மட்டும் கேட்டேன்.

சிதம்பரத்துக்குச் சேத்தியாத்தோப்பு வழியாகப் போனோம். போகும்போது நின்றுகொண்டே போனோம், வரும்போது உட்கார இடம் கிடைத்தது. கெமிஸ்ட்ரி பக்கம் போய் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்ததில் பாரதி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன உலையில் களிமண்ணைச் சுட்டு, எந்தச் சூட்டில் அது எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். "எந்த ஊரும்மா?" என்றார்கள். விருத்தாசலம் என்றதும் "அடிப்பாவி, ஒங்க ஊரு மண்ணத்தான் இங்க சுட்டுக்கினு இருக்கேன், வரும்போது வெறுங்கைய வீசிக்கினு வந்திருக்கியே" என்றார்கள். ஜங்ஷனுக்குப் போகிற வழியில் கம்பெனி கம்பெனியாகப் பீங்கான் பொம்மை காய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனவள் நான். அதற்குள் இவ்வளவு படிப்பு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கஷ்டம் பஸ்தான். தினமும் போய் வந்தால் உடம்பு தாங்குமா, பஸ் நேரத்துக்காக லேபைப் பாதியில் விட்டு ஓடி வரணுமா என்பதை யோசிக்க வேண்டும்.

புதுச்சேரி வேறு மாதிரி. காலாப்பட்டில் இறங்கினதும் கடல் காற்று. உள்ளே ஆட்டோ பிடிக்காமல் நடந்தே சுற்றினோம், துர்காவின் செருப்பு அறுந்துவிட்டது. பேசுகிற பாஷை ஆளுக்கு ஒன்று. ஒரு அஸ்ஸாம் பெண்ணிடம் என் இங்கிலீஷில் திக்கித் திக்கிக் கேட்டேன், அவளும் அப்படியே திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நூலகத்தில் அவ்வளவு புத்தகத்தைப் பார்த்ததும் வந்தது பயமா ஆசையா என்று தெரியவில்லை. ஒரு மரத்தடியில் ரொம்ப நேரம் நின்று யோசித்தேன். யூடியூபில் அந்த மரத்தடி வராது அண்ணே.

நான் முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் எனக்கு உங்களிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டும். "நாஜியா, உனக்கு எது வேணும்?" என்று ஒரு தடவை கேளுங்கள். உங்களை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் அழுதேன். உங்களைக் கேட்காமல் விட்டது தப்பு. அந்தத் தப்பையே எனக்கும் செய்யப் போகிறீர்களா?

நாளைக்கு வெள்ளி. சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் காத்திருப்பேன்.

நாஜியா


தோஹா
27.6.2025

நாஜியாவுக்கு,

ஸலாம். நீ கேட்கச் சொன்ன கேள்விக்கு இப்போது வேலை இல்லை. புதன்கிழமை மதியமே புதுச்சேரி சீட்டை ரத்து பண்ணியாயிற்று. உன் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்த ரியாஸ் என் சிநேகிதன், அவனுடைய பிரவுசிங் சென்டரில் உன் பாஸ்வேர்டு இருந்தது. ஓடிபி எனக்கு வந்தது, சொன்னேன். அப்போதே சிதம்பரத்துக்கு ஃபீஸும் கட்டியாயிற்று.

கேட்டால் நீ புதுச்சேரி என்பாய். அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கேட்கவில்லை. உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இரண்டு நாள் கோபமாக இருப்பாய், பிறகு சரியாகிவிடும். உனக்கென்று புது போன் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்ன கலர் என்று மட்டும் சொல்.

ஹஸ்ஸான்


விருத்தாசலம்
1.7.2025

ஹஸ்ஸான் அண்ணனுக்கு,

ஸலாம்.

கலர் கேட்கிறீர்கள்! படிப்பைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, போன் கலர் கேட்கிறீர்கள். அந்தப் போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மதியம் நான் அந்த மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இல்லாத ஒரு சீட்டைப் பற்றி மணிக்கணக்காக யோசித்துக்கொண்டு, கிறுக்கச்சி மாதிரி. மறுநாள் நான் உட்கார்ந்து பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதினேன். அதையும் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை அஸர் வரைக்கும் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ரியாஸ் அண்ணன் கடைக்குப் போய்க் கேட்டேன். "ஹஸ்ஸான் சொன்னான், நான் செஞ்சேன், அவன் நம்பருதான இருக்குது?" என்றார். மார்க் என்னுடையது, பெயர் என்னுடையது, போட்டோ என்னுடையது. அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

இப்போது சொல்கிறேன், நன்றாகப் படியுங்கள். நான் முடிவு பண்ணியிருந்தது சிதம்பரம். பாரதி அக்காவின் உலையைப் பார்த்தபோதே மனசு பாதி சாய்ந்துவிட்டது. மீதி, புதுச்சேரியைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போது. எனக்கு இந்த ஊர் மண்ணைத்தான் படிக்க வேண்டும். தினமும் பஸ்ஸில் வந்து போகலாம், அம்மாவுக்கும் துணை, உங்களுக்கும் நிம்மதி என்று அதையும் சேர்த்துத்தான் யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ஊரைச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்போம். அதை நீங்கள்தான் கெடுத்தீர்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவன் கெடக்குறான், ஒனக்கு எது வேணும்னு நீ சொல்லு" என்றார்கள். கடைசியில் கேட்டது அம்மாதான். சொன்னேன்.

சிதம்பரம்தான் போகிறேன். ஆனால் பஸ்ஸில் இல்லை. ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அம்மா கையெழுத்துப் போட்டார்கள். பஸ்ஸுக்கு ஓடாமல் லேபில் இருப்பேன். இருட்டின பிறகு நான் எந்த ரோட்டில் இருக்கிறேன் என்று யாருக்கும் கணக்குச் சொல்கிற மனசு எனக்கு இப்போது இல்லை. அம்மாவுக்குத் துணையாக அம்சவல்லி அக்கா வந்து படுத்துக்கொள்கிறேன் என்றார்கள். ஸ்பீக்கரில் கேட்டதற்கு இந்த உதவியாவது.

நேற்று என் பெயரில் ஒரு சிம் வாங்கினேன். ஆதாரில் நம்பரை மாற்றப் போனோம். பழைய நம்பருக்கு ஓடிபி வருமா, அது தோஹாவில் இருக்கிறதே என்று பயந்துகொண்டே கேட்டேன். அங்கே இருந்த அக்கா, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா, ஒன் வெரல வை, போதும்" என்றார்கள். வைத்தேன். பின்னாலேயே அம்மாவும் நகர்ந்து வந்து, "அப்ப என்னுதையும் மாத்திருங்க" என்று விரலை நீட்டினார்கள். கேஸுக்கும் ரேஷனுக்கும் பேங்குக்கும் அம்மாவே போய் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

ச. நாஜியா


தோஹா
27.7.2025

அன்பு நாஜியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இருந்தேன். இதையும் அம்மாவுக்குத்தான் அனுப்புகிறேன். ஹாஸ்டலில் இருக்கிற உன்னிடம் காட்டுவார்களோ என்னவோ.

இந்த மாதம் முழுக்க அந்த இந்தியா சிம்முக்கு எதுவும் வரவில்லை. சிலிண்டர் வந்த நம்பர் வரவில்லை, ரேஷன் நம்பர் வரவில்லை. முன்பெல்லாம் மூட்டை தூக்கிக்கொண்டு இருக்கும்போது அடித்தால், இன்னிக்கு வூட்ல சக்கரை வாங்குறாங்க, இன்னிக்கு பேங்குல நிக்கிறாங்க என்று தெரியும். சலித்துக்கொண்டேதான் எடுப்பேன். இப்போது கடையில் யார் போன் அடித்தாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன். பழமலைநாதன் பார்த்துவிட்டு, முன்மாதிரி சிரிக்காமல் போகிறான்.

சிதம்பரம்தான் நீ நினைத்தது என்று படித்த அன்று உன் மேல்தான் கோபம் வந்தது. முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். பிறகுதான், என்னை நீ கேட்கச் சொன்னது ஞாபகம் வந்தது.

லேப் எப்படி இருக்கிறது? பாரதி அக்காவுக்கு மண் கொண்டுபோய்க் கொடுத்தாயா? உன்னோடு ரூமில் யார் இருக்கிறார்கள்?

அம்மாவிடம் உன் புது நம்பரைக் கேட்டேன். "அவளக் கேட்டுட்டுத் தரேன்டா" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கேட்கிறேன்.

உன் நம்பரை எனக்குத் தருவாயா?

அண்ணன்
ஹஸ்ஸான்