காய்ச்சல் சுற்றறிக்கை டாக்டர் வெள்ளத்துரைக்கு வரவில்லை என்பது பற்றி

அனுப்புநர்:
ஞா. சவரிநாதன்,
துறைமுகச் சரக்குப் பிரிவு எழுத்தர் (ஓய்வு),
17, சூசையப்பர் சந்து,
இராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
தொற்றுநோய்த் தகவல் பிரிவு (வடக்கு),
சென்னை.

பொருள்: பன்றிக்காய்ச்சல் – சிறு மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை சென்று சேராமை – சான்று கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

இதற்கு முன் நான் எந்த அலுவலகத்துக்கும் புகார் எழுதியதில்லை. எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதிலும் ஐயம்தான். தங்களுக்கு வேலை மிகுந்திருக்கும் நேரம் இது. ஆகவே சொல்ல வருவதை முதலில் வரிசையாகத் தருகிறேன்.

1. என் மகள் ஹில்டாவின் நோய்.
2. காய்ச்சல் பற்றிய சுற்றறிக்கை டாக்டர் வெள்ளத்துரைக்கு அனுப்பப்படவில்லை.
3. அதனால் அவருக்கும் எங்கள் சந்துக்கும் நேர்ந்தது.
4. கோரிக்கைகள்.

1. ஹில்டா தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். வேளாங்கண்ணி மாதா கொடியேற்றத்துக்கு பெசன்ட் நகர் வரை நடந்துபோய் வந்தவர்கள் பலருக்கு எங்கள் சந்தில் காய்ச்சல் கண்டது. ஹில்டா போகவில்லை. நான்தான் போனேன், அதுவும் பஸ்ஸில். எனக்குத் தும்மலோடு நின்றுவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. டாக்டர் வெள்ளத்துரையிடம் அழைத்துப் போனேன். அவர் முப்பது ஆண்டுகளாக எங்கள் பகுதியில் மருத்துவம் பார்ப்பவர். ஹில்டாவுக்கு முன்பு வந்த அம்மைக்கும் மஞ்சள்காமாலைக்கும் வைத்தியம் பார்த்தவர் அவரே. “பருவக் காய்ச்சல்தாம்மா. கஞ்சி குடி. மூணு நாள் கழிச்சு வா” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் மருத்துவர், “மாசமா இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல்னா மொத நாளே அனுப்பச் சொல்லி எல்லா டாக்டருக்கும் லெட்டர் போயிருக்கே! யாருங்க உங்க டாக்டர்?” என்று கேட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை. இந்த மனு எழுதும்வரை ஹில்டா செயற்கை சுவாசத்தில் இருக்கிறாள். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கிறது என்கிறார்கள்.

2. அந்த லெட்டர் பற்றி டாக்டர் வெள்ளத்துரையிடம் நேரில் போய்க் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் வரல சார். வந்திருந்தா அந்தப் பொண்ணை வூட்டுக்கு அனுப்பியிருப்பேனா?” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவர் மருத்துவர் சங்கத்தில் சந்தா கட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. கிளினிக்கில் கணினி இல்லை. தாங்கள் சுற்றறிக்கை அனுப்பும் பட்டியல் சங்கத்தின் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டது என்றால் அதில் அவர் பெயர் இருக்க வழியில்லை. அவர் முகவரிக்கு நாள்தோறும் தவறாமல் வருபவை மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள் மட்டுமே. அவற்றை அவர் படிப்பதில்லை. கம்பவுண்டர் அம்மாள் ஐரீன் அவற்றை நாலாக வெட்டி, மாத்திரை மடித்துக் கொடுக்க வைத்துக்கொள்வார். இது இராயபுரத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஆகவே சுற்றறிக்கை அவருக்கு அனுப்பப்படவே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

3. என் மருமகன் மேத்யூ எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். நல்ல பிள்ளை. மருத்துவமனையில் கேட்ட பேச்சைத் தாங்காமல், கூட வேலை செய்பவர்களை அழைத்துப் போய் டாக்டரின் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. நான் பலகையை எடுத்துக் கழுவி வீட்டில் வைத்திருக்கிறேன்.

போலீசில் புகார் கொடுக்கவும் மேத்யூ ஆயத்தமாக இருக்கிறார். நான் தடுத்தபோது, “இன்னா மாமா, டாக்டருக்கு வக்காலத்து வாங்கினுகீறீங்க? உள்ள படுத்துனுகீறது உங்க பொண்ணுதானே?” என்று கேட்டார். பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். டாக்டருக்குச் சுற்றறிக்கை போகவில்லை என்று தங்கள் அலுவலகம் எழுத்தில் தந்தால் புகார் கொடுப்பதில்லை என்று மாதா மேல் ஆணையிட்டிருக்கிறார்.

இதற்கிடையில் எதிர்வீட்டு ஜஹாங்கீரின் மனைவிக்குக் காய்ச்சல். அவரும் கர்ப்பிணி. கிளினிக் பூட்டியிருந்ததால் என்னிடம் வந்து கேட்டார்கள். உடனே தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். நல்லவேளை, போனார்கள். ஆனால் காய்ச்சல்காரர்களுக்கு வழி சொல்ல ஓய்வுபெற்ற எழுத்தர் நான் யார்?

4. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து:

(அ) சுற்றறிக்கை டாக்டர் வெள்ளத்துரைக்கு அனுப்பப்படவில்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டுகிறோம்.

(ஆ) இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒற்றை அறையில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் ஆள் அனுப்பியோ தொலைபேசியிலோ செய்தியை வாயால் சொல்ல வேண்டுகிறோம். கம்பவுண்டருக்கும் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டத் தமிழில் ஒரு பக்கம் தந்தால் போதும். இந்தக் காய்ச்சலுக்கு மட்டுமல்லாமல், அடுத்து எது வந்தாலும் இப்படியே செய்ய வேண்டுகிறோம்.

மேற்கண்டவற்றைப் படிக்கக் கேட்டுக் கையொப்பமிட்ட சந்துக்காரர்கள் பெயர்கள் தனித்தாளில் உள்ளன.

ஐயா, இதற்குக் கீழே உள்ளது தட்டச்சில் இல்லாமல் என் கையெழுத்தில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சந்துக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு மேலே உள்ள வாசகத்தை மாற்றுவது முறையல்ல. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஹில்டாவுக்குக் கொடுத்த மாத்திரைகளில் மிஞ்சியதை இணைப்பாக வைக்கலாம் என்று இன்று காலை அவள் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். வெளிப்பக்கம் ஐரீன் அம்மாள் கையால் ‘ராத்திரி 1’ என்று எழுதியிருக்கிறது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஆங்கில அச்சு. மேலே தங்கள் அலுவலகப் பெயரில் பாதி. கீழே உள்ள வரிகளின் பொருள் இது: ‘கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சலுடன் இருமல் கண்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே’. அதோடு தாள் வெட்டுப்பட்டிருக்கிறது.

தாள் நல்ல கனமான தாள். கம்பெனித் தாள் என்று ஐரீன் அம்மாள் நினைத்திருக்க வேண்டும். டாக்டர் என்னிடம் பொய் சொல்லவில்லை என்றே இப்போதும் நம்புகிறேன். அவர் கண்ணில் அது படவேயில்லை. அந்தப் பொட்டலத்திலிருந்து அவளுக்கு இரண்டு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு ஆங்கிலம் தெரியும். மற்ற முக்கால் தாள் எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ தெரியவில்லை.

துண்டுத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். டாக்டருக்குச் சாதகமாக இராது என்பதால் இணைக்காமல் விடலாமா என்றும் சற்று நேரம் யோசித்தேன். கோரிக்கை (அ)வைத் திரும்பப் பெறுகிறேன். (ஆ) அப்படியே நிற்கிறது. முன்னைவிட அவசரமாக நிற்கிறது. மேத்யூ மாலையில் மருத்துவமனைக்கு வருவார். தாங்கள் சொல்லி அவர் அறிவதைவிட நான் சொல்லி அறிவது நல்லது என்பதால் இன்றே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் அலுவலகம் சுற்றறிக்கையை அனுப்பியிருக்கிறது. இரண்டாம் எண்ணில் நான் எழுதியது தவறு.

இடம்: இராயபுரம்
நாள்: 24.09.2009

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஞா. சவரிநாதன்

இணைப்பு: 1. கையொப்பத் தாள். 2. மாத்திரை மடித்த துண்டுத்தாள் (மாத்திரை ஒன்றுடன்).