அதிபராகும் வரை

ஓக்லண்ட்
12.8.1984

அன்புள்ள ராணிக்கு,

முருகன் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் உஷாக் குஞ்சும் மாமாவும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது. ஆனால் எங்கள் ஹோட்டல் குசினிக்குள் வந்துவிட்டால் உடுப்பைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. இப்போது உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை இல்லை. சோஸ் வைக்கிற அடுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். எலும்பை வறுத்து, விடியவே அடுப்பில் ஏற்றி, மத்தியானம் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். கொதிக்க விட்டால் கலங்கிப் போகும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் மச்ச மாமிசம் ருசி பார்ப்பதில்லை, உனக்குத் தந்த வாக்கு. பக்கத்து அடுப்பில் நிற்கிற சமோவாப் பெட்டையைக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் நாக்குத்தான் எனக்கும் என்பேன். அவள் கரண்டியை நக்கிவிட்டு உப்புக் காணாது என்பாள். பொல்லாத நாக்கு அவளுக்கு.

உன்னைக் கூப்பிடுகிற விஷயம். எனக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. நினைத்தால் நாளைக்கே உங்கள் விசாவுக்குக் கடதாசி போடலாம். ஆனால் ராணி, ஹோட்டலில் உத்தியோகம் என்று கேட்டு உன்னைக் கட்டித் தந்த மாமா, அது குசினி உத்தியோகம் என்று தெரிந்த அன்று முற்றத்தில் ஊரே நிற்கக் கேட்டது உனக்கு மறந்திருக்காது. "முப்பது வருசம் பள்ளிக்கூட அதிபரா இருந்தவன்ரை பிள்ளை, ஒரு குசினிக்காரனுக்குப் பின்னாலை கடல் தாண்டிறதோ?" அந்த வாய்க்கு ஒரு பதில் இல்லாமல் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? பெரிய சோதினை ஒன்று வருகிறது. அதைப் பாஸ் பண்ணித் தலைமைச் செஃப் ஆகிவிட்டால் அடுத்த நாளே கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறு.

என்றும் உன்,
சோதி


கொக்குவில்
3.10.1984

என் அன்பான அத்தானுக்கு,

கடிதம் வந்தது. முத்திரையை உஷா எடுத்துக்கொண்டாள், மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

சோஸ் வைப்பதைப் பற்றி வடிவாக எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கவே வேர்த்தது. எங்களைக் கூப்பிடுவதைப் பற்றி எழுதிய இடத்தில்தான் என்னைக் காணவில்லை, அப்பாதான் நிற்கிறார். உங்களைக் கட்டினது நானா, அப்பாவா?

அப்பா அப்படிச் சொன்னார்தான். அவர் யாரைத்தான் விட்டுவைத்தார்? பால்காரனையும் சொல்லுவார், மந்திரியையும் சொல்லுவார், சொல்லிவிட்டு நித்திரையாகிவிடுவார். நீங்கள்தான் அதைக் கடல் தாண்டியும் கட்டிக் காவிக்கொண்டு திரிகிறீர்கள். போன வருசம் கொழும்பில் வீடு எரிய, உடுத்த சாறியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினவள் நான். எனக்கு இனி என்ன கௌரவம் வேண்டிக் கிடக்கிறது? குசினிக்காரனின் பெண்சாதியாகவே வருகிறேன். வெங்காயம் உரிக்க ஆள் காணாதென்றால் அதற்கும் வருகிறேன்.

பொழுதுபட்டால் ஒருவரும் படலை திறப்பதில்லை. உஷா தன் அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். அடுப்படியில் பாட்டுப் பாடுகிற குரல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூப்பிடுங்கோ, அத்தான்.

உங்கள் அன்பு மனைவி,
ராணி


ஓக்லண்ட்
9.3.1986

அன்புள்ள ராணிக்கு,

உன் கோபம் நியாயம்தான். சோதினை பாஸ் பண்ணி, தலைமைச் செஃப் ஆகி ஒரு வருசம் போய்விட்டது, இன்னும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறாய். போன மாதம் கடதாசியை நிரப்பி மேசையில் வைத்தேன், பொய் இல்லை. அதற்குள் இது வந்தது. கேள்.

பங்குச் சந்தையில் வாரி எடுத்த ஒரு வெள்ளைக்காரர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டிடம் ஒன்றை வாங்கிச் சமையற் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறார். என் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நேரே குசினிக்குள் வந்து, நீதான் நடத்த வேண்டும் என்று கையைப் பிடித்தார். பதவிக்குப் பெயர் பிரின்சிபல். தமிழில் என்ன? அதிபர்! மாமா எது, நானும் அது. பெயர்ப் பலகையில் என் பெயர். இனி யார் என்னைக் குசினிக்காரன் என்பது?

கேக் செய்யக் கற்பிக்க மலேசியாக்காரன் பீட்டர் வருகிறான். நல்ல பெடியன். நான் உன் கதையைச் சொல்ல, தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, மொதல்ல வைஃப கூப்பிடுங்க லா. பட்டம் எங்க ஓடிப் போவுது?" என்றான். அவனுக்கு யாழ்ப்பாணத்து மாமனாரைத் தெரியாது.

அடுத்த வருசத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இவ்வளவு பொறுத்தாய், இன்னும் கொஞ்சம்.

என்றும் உன்,
சோதி


கொக்குவில்
20.7.1986

அத்தான்,

பங்கருக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் குறை நினையாதேங்கோ. மேலே ஹெலி சுத்துகிறது. உஷா பயம் தெரியாமல் இருக்க ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லுகிறாள். அப்பாவுக்கு மூச்சு இழுப்புக் கூடிவிட்டது, பங்கருக்குள் இறக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

பக்கத்து வீட்டு குணவதி நேற்றுப் பாரிசுக்குப் போய்விட்டாள். அவளுடைய புருசன் அங்கே ஒரு கடையில் கோப்பை கழுவுகிறார். கோப்பை கழுவுகிறவரின் பெண்சாதி புதுச் சாறி கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் கொண்டு போனாள். நான் படலையில் நின்று கை காட்டினேன்.

உங்களுக்கு என்ன வேணும், அத்தான்? நானும் பிள்ளையுமா, இல்லாவிட்டால் அப்பாவின் வாயா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. கடதாசியைப் போடுங்கோ.

ராணி


ஓக்லண்ட்
15.2.1987

என் அன்புள்ள ராணிக்கு,

திறந்தாயிற்று! நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்தார்கள். பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது, தொப்பியோடு. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், மாவோரி, தீவுக்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் கலந்து. முதல் கிழமை ஒருவருக்கும் கத்தி கொடுக்கவில்லை. சட்டி கழுவுங்கோ என்றேன். முகத்தைச் சுளித்தார்கள். ஒரு குசினியை அதன் சட்டியில்தான் படிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். என்னைப் பார்த்து "யெஸ் செஃப்" என்று ஒரே குரலில் சொல்லும்போது, மாமாவும் இப்படித்தானே பள்ளிக்கூட மண்டபத்தில் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்குரங்காவில் வீடு பார்த்து வாடகைக்கு எடுத்துவிட்டேன். உஷாவுக்குத் தனி அறை, கடைத்தெரு நடக்கிற தூரம். உன்னைக் கூப்பிடுவதை முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா? மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, படத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். "தங்கள் மகளை அழைத்துக்கொள்ளச் சம்மதம் தர வேண்டும்" என்று கேட்டிருக்கிறேன். அவர் தன் கையால் ஓம் என்று எழுதட்டும். அந்த ஓம் வந்த கையோடு விசாக் கடதாசி போகும்.

உன்,
சோதி (அதிபர்!)


கொக்குவில்
28.4.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. அப்பா கடிதத்தை எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். "என்ரை மருமகன் அங்கை பிரின்சிபல், தெரியுமோ?" என்று பால்காரனையும் மறித்துச் சொன்னார். உங்கள் படம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஓம் என்று எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தார். ஒரு அதிபர் இன்னொரு அதிபருக்கு எழுதுகிற கடிதமாம், இங்கிலிசில் ஒரு பிழை வரக்கூடாதாம். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். ஆமிக்காரர் வரப்போகிறார்கள் என்று ஊர் மூட்டை கட்ட, இவர் அகராதி தேடினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெரிய ஓம் இதோடு வருகிறது.

ஒன்று மட்டும் எழுதுகிறேன், கோபிக்காதேங்கோ. உங்கள் கடிதத்தை அப்பா வாசித்தபோது நான் அடுப்படியில் நின்றேன். வருகிறாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நான்தான் இத்தனை வருசம் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரி, போகட்டும். பாதைகள் பூட்ட முன்னம் கடதாசியைப் போடுங்கோ. கெதியாய்.

உங்கள்,
ராணி


ஓக்லண்ட்
6.12.1987

அன்புள்ள ராணி,

ஒக்டோபரில் அங்கே சண்டை தொடங்கியதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ரேடியோவில் கொக்குவில் என்று கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்? ஆரிடமாவது ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பு.

இங்கேயும் கதை சரியில்லை. அதே ஒக்டோபரில் பங்குச் சந்தை விழுந்து முதலாளி ஒரே நாளில் முடிந்து போனார். காலையில் போனேன், பள்ளிக்கூடக் கதவில் புதுப் பூட்டு. பிள்ளைகள் கத்திகளைத் துணியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். என்ன செய்வது செஃப் என்று என்னைக் கேட்டார்கள். வீட்டுக்குப் போங்கோ என்றேன். வேறு என்ன சொல்ல?

மாமாவின் ஓம் வந்ததும் போட்ட உங்கள் விசாக் கடதாசி பாதி வழியில் நிற்கிறது. வேலை என்ன, குடும்பத்தைக் காப்பாற்ற வழி என்ன என்று கேட்கிறார்கள். இப்போது விரி என்கிற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் இறைச்சிப் பை அடைக்கிறேன். பெல்ட்டில் வரும், அடைக்க வேண்டும், போகும். சட்டியும் இல்லை, ருசியும் இல்லை. தற்காலிக வேலை, அது விசாவுக்குக் காணாதாம்.

யோசிக்காதே. வேறொரு பள்ளிக்கூடத்தில் தலைமைப் பதவி வரும் என்று பீட்டர் சொன்னான். அது கிடைத்ததும் எல்லாம் சரிவரும். ஒன்று மட்டும், பள்ளிக்கூடம் மூடினதை மாமாவுக்குச் சொல்லிவிடாதே.

உன்,
சோதி


கொக்குவில்
30.1.1988

அத்தானுக்கு,

உங்கள் டிசம்பர்க் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஒக்டோபரிலேயே போய்விட்டார். செல் விழத் தொடங்க எல்லாரும் கோயிலுக்கு ஓடினோம். மண்டபத்தில் இருந்தபோது இழுப்பு வந்தது. ஊரடங்கு, ஒருவரும் மருந்துக்கு வெளிக்கிட முடியவில்லை. விடியப் பார்த்தபோது குளிர்ந்து கிடந்தார். கொள்ளி வைக்க ஆம்பிளைப் பிள்ளை இல்லை, மருமகனும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த ஆரோ ஒருவர் வைத்தார்.

நாங்கள் சித்தி பத்மாவதியோடு மதராசுக்குப் போகிறோம். உஷா படிக்க வேண்டும். விசாக் கடதாசியில் எங்கள் பெயர்களை எடுத்துவிடுங்கோ. புதுப் பதவி கிடைத்தாலும் எழுத வேண்டாம், விலாசம் அனுப்ப மாட்டேன். உங்களில் கோபம் என்று நினையாதேங்கோ. கோபம் இருந்த காலத்தில் நான் எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் இதையும் எழுதுகிறேன். கோயிலில் குடும்பம் குடும்பமாகப் பதிந்துதான் சோறு கொடுத்தார்கள். எங்கள் முறை வர, பதிகிற பெடியன் உஷாவைப் பார்த்து, "அப்பா எங்கை, பிள்ளை?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முன்னம் அவள், "அப்பா இல்லை" என்றாள். அழவும் இல்லை, பொய் சொல்லுகிற முகமும் இல்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். பெடியன் பாவம் பார்த்து என் முகத்தைப் பார்த்தான்.

நான் திருத்தவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு வந்தேன், இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம்.

யோகராணி