எத்தனை பரப்புத் தோட்டம்?

மச்சான்,

உன் அம்ப்ளிஃபயர் இப்போது என் கராஜில் இருக்கிறது. போன சனிக்கிழமை உன் மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். வாஷிங் மெஷினுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே வால்வுகள் சூடேற, படிந்திருந்த தூசி கருகும் மணம் வந்தது. "பொறுடா, கொஞ்சம் சூடாகட்டும்" என்று நீ பின்னால் நின்று சொல்வது போலிருந்தது. சிட்னி ஹோம்புஷ் மண்டபத்தில் நாம் வாசித்த அன்று மாலை மேடையில் நின்றபோதும் இதே மணம்தான் வந்துகொண்டிருந்தது.

நீ ரயில்வேயில் எலக்ட்ரீஷியன், நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில். சனிக்கிழமைகளில் உன் வீட்டில் கூடுவோம். நீ கிற்றார், நான் பேஸ், டிரம்ஸுக்குத் தமிழ் தெரியாத ஓர் ஆஸ்திரேலியர். நான் ராக் இசை வழியாக வந்தவன். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசெட் கேட்ட ஆள். சத்தமும் வேகமும் இருந்தால் போதும் எனக்கு. "பேரப்பிள்ளையோட மட்டுமே பேசிக்கிட்டு இருக்க, தாத்தாவ யாருடா பார்ப்பா?" என்று கேலி செய்தாய். நான் தலையில் தூக்கி வைத்து ஆடிய பாட்டொன்றை அரை வேகத்தில் வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். உள்ளே நீ சொன்ன தாத்தா, ராக்குக்கு மூத்த ப்ளூஸ் இசை, அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு ஜாஸ் ட்ரம்பெட் கேட்க வைத்தாய். அதோடு பாடுகிற பெண்ணின் குரல் உடைகிற இடத்தில் ட்ரம்பெட்டும் உடைந்தது.

நீ கம்பியை இழுத்து, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் நிறுத்துவாய். சுருதி விலகுகிறது என்பேன். "விலகலடா. ப்ளூஸ் குடியிருக்கிற இடமே அதுதான்" என்பாய்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், "எங்க தோட்டத்துல இப்படித்தான் பாடுவாங்க. ஒருத்தர் சொல்ல, மத்தவங்க திருப்பிச் சொல்லுவாங்க" என்றாய். யாழ்ப்பாணத்தானுக்குத் தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை. ஒரு கிணறு, சொந்தக் காணி, அதோடு வருகிற கௌரவம். எங்கள் ஊரில் காணியைப் பரப்புக் கணக்கில்தான் சொல்வோம். "எத்தனை பரப்பு?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "மலை முழுக்க" என்றாய். மலை என்றதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நீ பெரிய காணிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். உன் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இல்லையே என்று கேட்டவர்களிடம் "கண்டி" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. கண்டி டவுன்காரர் என்று அவர்களாக எடுத்துக்கொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

ஹோம்புஷ் நிகழ்ச்சிக்கு நம்மை அழைத்தபோது உன் மகளின் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பகுதி யாழ்ப்பாணம். அவனுடைய தாயும் தகப்பனும் முன்வரிசைக் கதிரைகளில், உன் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொண்டே நீ மெதுவாகச் சொன்னாய்.

"இன்னைக்கு எங்க அம்மா பாட்டப் பாடப்போறேன்."

"என்ன பாட்டடா?"

"கொழுந்து பறிக்கிறப்ப பாடுனது."

கொழுந்து. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் தோட்டம் தேயிலைத் தோட்டம். உன் அம்மா முதுகில் கூடை கட்டி மலையேறியவர். நீ லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டத் தொழிலாளரை இளக்காரமாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எங்கள் யாழ்ப்பாண ஆட்கள் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குசினியில் கேட்டு வளர்ந்த சொல் அது. அந்தச் சொல்லுக்காகக் கலியாணங்கள் நின்றதும் தெரியும்.

"இண்டைக்கு வேண்டாம் மச்சான். கலியாணம் முடியட்டும். பிள்ளையின்ர வாழ்க்கையடா."

"அவதான் பாடச் சொன்னா" என்றாய். அதற்கு மேல் பேச நேரம் இருக்கவில்லை. நம்மைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாம் மெதுவாகத் தொடங்கினோம். நீ மைக்கைப் பிடித்து, சபைக்கு ப்ளூஸ் என்றால் என்ன என்று சொன்னாய். அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கியதை, அவர்கள் வயலில் கூவிப் பாடியதை, அந்தக் குரலே பிறகு ஜாஸும் ராக்குமாக உலகம் சுற்றியதைச் சொன்னாய். "அவங்க பட்டது வேற. அத நம்மளதுன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல. ஆனா மொதமொதல்ல அதக் கேட்டப்ப எங்க அம்மா குரல் கேட்டுச்சு" என்றாய். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கிற்றாரை மட்டும் மீட்டினாய். பாட்டின் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றும் வந்தது. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்கியது. பாடாதே, பாடாதே என்று மனதுக்குள் உன்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீ பாடினாய்.

"மலையேறிப் போனா மழ வருது, ஐயா மழ வருது,
மலையேறிப் போனா மழ வருது, ஐயா மழ வருது,
கூட நெறஞ்சாலும் கொறையின்னுதான் சொல்லுறாங்க."

"எங்க தோட்டத்துல, எங்க அம்மா பாடுனது" என்று முடித்தாய். சபை கைதட்டியது. மாப்பிள்ளையின் தகப்பன் தலையாட்டிச் சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை! தோட்டம் என்றதை அவரும் என்னைப் போலவே எடுத்துக்கொண்டார். தப்பினோம் என்று நினைத்தேன்.

வாசலில் தேத்தண்ணி குடிக்கும்போது கையில் ரோல்ஸோடு நேரே உன்னிடம் வந்தார். "நல்லாய்ப் பாடினீங்கள். எங்கட ஐயாவும் தோட்டந்தான், புகையிலை. உங்கட எத்தனை பரப்பு?"

நான் கேட்ட அதே கேள்வி. ஒரு எண்ணைச் சொன்னால் முடிந்துவிடும். நானே சொல்லிவிட வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அமர்த்தினாய்.

"ஒரு பரப்பும் இல்லைங்க. தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிச்சாங்க. நான் லயத்துல பொறந்தவன்."

"அப்ப கண்டி எண்டது?"

"அங்க படிச்சேன்."

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். தட்டை மேசையில் வைத்தார். மனைவியைத் தேடிப் போனார். உன் மகள் வந்து உன் தோளில் சாய்ந்தாள். கார் சாவியை என்னிடம் நீட்டினாய். "நீ ஓட்டுடா."

அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், உன் வீட்டில் போன் அடித்தாலே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் ஆட்கள்மேல் அதைவிடக் கோபம். அடுத்த சனிக்கிழமை நீ கதவைத் திறந்தபோதே முகம் மாறியிருந்தது. "போன் வந்துச்சு. பேசினோம். கலியாணம் நடக்கும்" என்றாய். என்ன பேசினீர்கள் என்று நீ சொல்லவில்லை. எனக்கும் அந்த நல்ல செய்தியே போதுமாக இருந்தது. கிற்றாரை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினேன்.

கலியாணம் நடந்தது. பேத்தி பிறந்தாள். இந்த வருடம் நீ போய்விட்டாய்.

உன் வீட்டு மேசையருகே உட்கார்ந்து மரண அறிவித்தல் எழுதினோம். "கண்டியைப் பிறப்பிடமாகவும் சிட்னியை வதிவிடமாகவும் கொண்ட" என்று வழக்கம்போலத் தொடங்கினேன். உன் மகள் என் கையைத் தடுத்தாள். "நோ அங்கிள். அப்பா பிறந்தது எஸ்டேட்ல. அதைப் போடுங்கோ."

எந்தத் தோட்டம்? பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் உன்னோடு வாசித்திருக்கிறேன், உனக்குத் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்று தெரியும், உன் ஊரின் பெயர் தெரியாது. உன் மகளைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கருங்கல்மேட்டுத் தோட்டம். கீழ் டிவிசன்."

சொன்னது மூலைக் கதிரையில் இருந்த உன் சம்பந்தி. நான் திரும்பி அவரையே பார்த்தேன்.

"எனக்கு ஒரு கிழமை எடுத்தது, தம்பி" என்றார். "பிறகு ரெலிபோன் எடுத்து, உங்கட ஊருக்கு என்ன பேர் எண்டு கேட்டனான். மனிசன் கனநேரம் கதைச்சவர்."

எனக்குப் பொறாமையாக இருந்தது மச்சான். வெட்கமாகவும் இருந்தது. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று அவரையே திரும்பச் சொல்லச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். என் சினேகிதனின் ஊர்ப் பெயரை, நான் பயந்து நடுங்கிய மனிதர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். இனி அதை யாரிடமும் கேட்காமல் நானே எழுதுவேன்.