தவக்காலத்துக்குத் தமிழை விட்டோம்

மார்ச் 5, புதன்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. சாம்பல் புதன். ஆறு மணிப் பூசை, நெற்றியில் சாம்பல், வீடு. இன்று ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பால்காரனிடம் நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

வருஷா வருஷம் தவக்காலத்துக்குக் கறி, முட்டை, டிவி சீரியல் விடுவோம். இந்த வருஷம் வீட்டுக்குள் தமிழையும் விடுகிறோம் என்று மருமகள் சகாயமேரியிடம் (இனி ச. முழுப் பேர் எழுதக் கை வலிக்கிறது) அறிவித்தேன்.

"ஈஸ்டர் வரைக்குமா அத்தை? அம்புட்டு நாளும் ஒரு வார்த்தைகூட பேசக் கூடாதா?"

"மம்மி" என்று திருத்தினேன்.

விதிகள்:
1. வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் இங்கிலீஷ் மட்டும்.
2. அவள் போன் என் பீரோவில். குவைத்திலிருந்து ஜெரால்டு கூப்பிட்டால் மட்டும் கொடுக்கப்படும். ஸ்பீக்கரில்.
3. அழுவதானாலும் இங்கிலீஷில். (இதை அவளிடம் சொல்லவில்லை.)

ஏப்ரல் 5, மதுரையில் பரீட்சை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு இங்கிலீஷ் பாஸ் பண்ண வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றும் தேறிவிட்டாள். பேசுவதில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். எதிரில் ஆளைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தடவையும் போனால் என் மகன் குவைத்தில் ஏசி கழற்றி மாட்டியே கிழவன் ஆவான். பங்குக் கோயிலில் எல்லோரிடமும் அவனை இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த நோட்டு மட்டும் தமிழில். பரீட்சை எனக்கு இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவள் நான்.

மார்ச் 9, ஞாயிறு

கரண்ட் இரண்டு தடவை போனது. முதுகெல்லாம் வேர்க்குரு.

பூசை முடிந்து பிலோமினா பிடித்துக்கொண்டாள். "மருமக இன்னும் இங்கேயேதான் இருக்காளா டீச்சர்?" பல்லெல்லாம் தெரிய. பிலோமினாவுக்கு ஏபிசிடிக்கு மேல் தெரியாது. மகள் அயர்லாந்தில் இருக்கிறாள், அதனால் கோயிலில் முன் பெஞ்சு, பங்குப் பேரவையில் இடம். நான் ஐந்தாவது பெஞ்சு.

ச. இன்று பேசியது மொத்தம்: யெஸ் மம்மி. நோ மம்மி. கேஸ் ஃபினிஷ்டு மம்மி. கடைசியதை நான் குழம்பு வைக்கப் போய் அடுப்பு பற்றாமல் திண்டாடிய பிறகுதான் சொன்னாள். வாயில் கொழுக்கட்டை.

மார்ச் 12, புதன்

ச. கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. "எம்மா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். களிம்பு தடவினேன். தடவிக்கொண்டே, நடந்ததை இங்கிலீஷில் சொல் என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கச் சொன்னாள். தப்பில்லாமல் சொன்னாள். வலியில் நன்றாகத்தான் வருகிறது.

கொஞ்சம் பாவமாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். வானம் மூடியிருந்து பெய்யாமல் போனது.

ச.வின் அப்பா சேவுகம்பட்டியிலிருந்து வந்தார். பை நிறைய அவரைக்காய், நாலு தேங்காய். சோபாவின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்தார். தவக்கால ஒறுத்தல், வீட்டில் தமிழ் கிடையாது, பரீட்சை முடியட்டும் என்று விளக்கினேன். "சரிங்கம்மா, படிக்கிற புள்ள" என்றார்.

ச. வந்து நின்றாள். இங்கிலீஷில், எப்படி இருக்கிறீர்கள் அப்பா, சாப்பிட்டீர்களா, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாள். மனுஷர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஏதோ பெரிய அதிகாரி வீட்டுக்கு வந்தவர் மாதிரி, மகள் முன்னாலேயே துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் படி என்று அவளை அனுப்பினேன்.

கேட் வரை வந்து, குரலை இறக்கி: "சம்மந்தியம்மா, அவ அம்மாவுக்கு வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி ஆபரேசன். கர்ப்பப்பைய எடுக்கணும்னுட்டாங்க. ராவெல்லாம் பயந்து கெடக்குறா. மக நர்சு, அவ பக்கத்துல இருந்தாப் போதும்ங்குறா. ரெண்டு நாளைக்கு அனுப்பி வச்சீங்கன்னா... நான் புள்ளகிட்டச் சொல்லல. இங்கிலீசுல எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நானே சொல்கிறேன், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்றேன். பஸ் ஏறிவிட்டார்.

அவரைக்காய் முற்றல்.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதை. முழங்கால் வலி. ச.விடம் சொல்லவில்லை.

சொன்னால் ஓடுவாள். ஓடினால் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, தமிழ், அழுகை, படித்ததெல்லாம் போச்சு. கர்ப்பப்பை எடுப்பது ஊரில் நடக்காத விஷயமா? எனக்கும் எடுத்தார்கள். யார் பக்கத்தில் இருந்தார்கள்?

மார்ச் 28, வெள்ளி

அனல். தண்ணி லாரி வரவில்லை.

இன்றுதான் அந்த அம்மாளுக்கு. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

பத்து மணிக்கு நானும் ச.வும் வழக்கம்போல் பேச்சுப் பயிற்சி. அட்டையில் ஒரு சூழ்நிலை இருக்கும். அவள் நர்ஸ், நான் நோயாளியோ சொந்தக்காரரோ. இன்று மேலே இருந்த அட்டை: அம்மாவுக்கு ஆபரேஷன், மகள் பயந்து போயிருக்கிறாள், நர்ஸ் தைரியம் சொல்ல வேண்டும். வேறு அட்டை எடுத்திருக்கலாம். எடுக்க வந்த கையை ஏனோ மடக்கிக்கொண்டேன்.

நான் மகள். என் அம்மா பிழைப்பாளா என்று கேட்டேன். ச. என் கையைப் பிடித்தாள். பயப்படாதீர்கள், இது பெரிய ஆபரேஷன் இல்லை, கண் விழித்ததும் முதலில் உங்களைத்தான் தேடுவார், பக்கத்திலேயே இருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஒரு தடங்கல் இல்லை. முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

தண்ணீர் குடித்தேன். பத்துக்கு ஏழு போட்டேன், குரல் தட்டையாக இருந்தது என்று.

ஏப்ரல் 5, சனி

மதுரை. நானும் கூடப் போனேன். வெளியே மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். சிரித்துக்கொண்டே வந்தாள். நன்றாகப் பேசினேன் மம்மி என்றாள். எனக்கும் மனம் குளிர்ந்து, திரும்பும் பஸ்ஸிலேயே போனைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கொடுத்திருக்க வேண்டும்.

உடனே ஊருக்குப் போட்டாள். "அப்பா" என்றாள். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். சத்தம் எனக்கும் கேட்டது. "ஒனக்குப் பரிச்சைன்னு சம்மந்தியம்மா சொன்னாக, அதான் வரலன்னு நெனச்சோம். பக்கத்துக் கட்டில்காரிதான் கஞ்சி ஊத்துனா. அம்மா ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

வாடிப்பட்டி போனது. கொடைரோடு போனது. அங்கேதான் திரும்பி, உங்களுக்குத் தெரியுமா மம்மி என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஒன் நல்லதுக்குத்தான்மா" என்றேன். பதறினதில் எனக்குத் தமிழ் வந்துவிட்டது.

"தேங்க் யூ மம்மி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடிந்ததும் சேவுகம்பட்டி போய்விட்டாள். காபிப் பாத்திரம் அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

பாஸ்! ஜெரால்டு போனில் கத்தினான். பேசுவதில்தான் அதிக மார்க்.

கடைத்தெருவில் லட்டு ஒன்றரைக் கிலோ. தவக்காலத்தில் லட்டு கூடாதுதான், மாதா மன்னிப்பாள். முதல் லட்டு பிலோமினா வீட்டுக்கு. அவள் முகம் போன போக்கு! முப்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாகத் தூங்கப் போவது இன்றுதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ச. நேற்று மாலை வந்தாள். பாஸ்போர்ட் கேட்டாள், பீரோவைத் திறந்து கொடுத்தேன். அவள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஷி இஸ் ரெகவரிங், மம்மி. கஞ்சி அவளே வைத்தாள், எனக்கும் ஒரு தட்டு. உப்பு சரியாக இருந்தது. கோபம் ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். நர்ஸ் அல்லவா, புரிந்துகொள்வாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

இளங்காற்று. கோழி ஒன்றரைக் கிலோ எடுத்து மசாலா தடவி வைத்துவிட்டுக் கோயிலுக்கு. கிளம்பும்போது, தவக்காலம் முடிந்தது, இனி தமிழ் பேசலாம்மா என்றேன். நோ மம்மி, ஐ ஆம் கம்ஃபர்டபிள் என்றாள். கையில் பெட்டி இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பூசை முடிந்து வாசலில் பிலோமினா, கூட அவள் நாத்தனார். சென்னை, காலேஜில் புரொபசராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. "ஆன்ட்டிகிட்டப் பேசும்மா, இங்கிலீஷ்ல பேசு" என்று ச.வை முன்னால் தள்ளினேன்.

பேசினாள். எல்லாம் இங்கிலீஷில், சிரித்த முகம் மாறாமல். என் அம்மாவுக்குப் போன மாதம் ஆபரேஷன் நடந்தது. ஒன்பது நாள் முன்பே என் மாமியாருக்குத் தெரியும், பரீட்சைக்காக என்னிடம் மறைத்துவிட்டார். என் கணவர் இன்ஜினியர் இல்லை, ஏசி மெக்கானிக், நல்ல மனிதர், அவருக்கும் நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். விசா வரும்வரை என் அம்மாவோடு இருப்பேன். அதன் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போவோம். இந்த வீட்டுக்கு நான் திரும்ப வரமாட்டேன். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி.

குரல் ஏறவில்லை, நடுங்கவில்லை. ஒரு இடத்தில்கூடத் திருத்த ஒன்றுமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பிலோமினா என் முழங்கையை இடித்தாள். "என்ன டீச்சர் சொல்லுச்சு? நமக்கு வெளங்கல."

"ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னா" என்றேன்.

சென்னை அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி:

"ரொம்ப நல்லாப் பேசுறாங்க உங்க மருமக. நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமே?"

ஆமாம் என்றேன்.