பிரித்த குல்லா

நேற்று நான் அந்தக் குல்லாவைப் பிரித்தபோது கூடத்தில் நீ, உன் தங்கை, பெரியவன், மருமகள் நான்கு பேரும் இருந்தீர்கள்.

கம்பளி நூலைச் சுற்றி, குரோஷா ஊசியோடு மேசையில் வைத்திருக்கிறேன். பால் காய்ச்சியாயிற்று. நம் சின்னவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையின் தலையை அளந்து வா. டேப்பை உன் பையில் போட்டுவிட்டேன். குளிர் அதிகம், காதும் மூடவேண்டும். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் வாசலை நான் மிதிக்க மாட்டேன். நீ எங்கே போனாய் என்றும் கேட்க மாட்டேன்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

பின்குறிப்பு: “பாவி மனுஷன், பேரன் குல்லாவைக் கோவத்துல பிச்சுப் போட்டுட்டாரு” என்று உன் தங்கை சொல்லித் திரிகிறாளாம். கோபத்தில் பிரிக்கவில்லை. அவன் பிறந்த வாரம் நீ பின்னியது அது. உன்னை நான் போகவிடாமல் எட்டு மாதம் ஓடிவிட்டது. இனி அது அவன் தலையில் ஏறாது.