சனிக்கிழமைத் தும்மல்

மதினி,

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என் உள்ளங்கையில் ஒரு வளையத்தை வைத்தார். சிலிக்கோன் வளையமாம். வெள்ளையாக, சின்னப் பிள்ளைகள் போடும் ரப்பர் வளையல் போல இருந்தது. அழுத்தினால் வளைகிறது. "இதை உள்ள வச்சுட்டா எறங்குன கர்ப்பப்பை மேலயே நிக்கும்மா. வலிக்காது. அப்பப்ப வந்தீகன்னா எடுத்துக் கழுவி வச்சு விடுவோம்" என்றார். நான் அதையே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுகிறேன் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வளையம் உலகத்தில் இருப்பதே தெரியாமல் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என்னைக் கூட்டிப் போனது உங்கள் மகள் செல்வி. காலண்டர் பிரஸ்ஸில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். உங்களுக்கு இருந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது, மதினி. இருமினால் சொட்டுகிறது. கொஞ்ச நேரம் நின்றால் உள்ளிருந்து ஏதோ கீழே வருகிற மாதிரி இருக்கிறது. நானும் மூடி மறைத்துத்தான் வைத்திருந்தேன். போன வாரம் மிளகாய் வறுக்கும்போது தும்மல் வந்து, காலைப் பின்னிக்கொண்டு நின்றேன். செல்வி பார்த்துவிட்டாள். "அத்தை, இது எத்தன நாளா?" என்று பிடித்துக்கொண்டவள், இன்று டாக்டர் முன்னால் உட்கார வைத்த பிறகுதான் விட்டாள்.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்னே கனம் தூக்கினாலும், நாள்பட்ட இருமல் இருந்தாலும், அடியில் தாங்கும் சதை தளர்ந்துபோகுமாம். கர்ப்பப்பை இறங்குமாம், அதோடு மூத்திரப்பையும் சரியுமாம். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்துவோமே, அதே இடத்தைச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறுக்கிப் பிடித்து விடச் சொன்னார். தினமும் செய்தால் சதை திரும்ப வலுவாகுமாம். அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் இருக்கிறதாம். "தண்ணிய நல்லாக் குடிங்க, அடக்காதீக. எரிச்சல் இருந்தா டெஸ்ட் எடுத்துட்டு, குடுத்த மாத்திரைய முழுசா முடிங்க. பாதியில விட்டா அது மேல ஏறிரும்" என்றார். சாதாரணமாக, சளிக்கு மருந்து சொல்வதுபோலச் சொன்னார்.

மூன்றாவது பிள்ளைக்குத் தலை நிற்கும் முன்பே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவர் நீங்கள். சீசன் நேரம், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. என் அண்ணனும் சொல்லவில்லை. ஒருநாள் வேனில் ஏறும்போது படியிலேயே நின்று, "ஏ புள்ள, என் வயித்துக் கதவு சாத்த மாட்டேங்குது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு நீங்கள் கருப்பு, அரக்கு தவிர வேறு நிறத்தில் சேலை கட்டி நான் பார்க்கவில்லை. அண்ணனுடைய பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து காணாமல் போயின.

காலையில் நீங்கள் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். நான் மட்டும் குடித்தேனா, நம் வேனில் ஒருத்தியும் குடிக்க மாட்டாள். கக்கூஸ் கடைசி ரூமையும் தாண்டிக் கருவேலங்காட்டு ஓரத்தில் இருந்தது. வெடித்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ தாவக்கூடாது என்று ரூம்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். போய் வருவதற்குள் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து அடைப்பதில் பாதி வேலை போய்விடும். அங்கே போனாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மருந்து ரூமுக்குள் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது, எல்லாம் வெளியே வேப்பமரத்தில் தொங்கும். போர்மேன் அண்ணாச்சி தினமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "ஈரம் பட்டா மருந்து தன்னால சூடாகும், சொல்லிட்டேன்."

அப்புறம் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? வந்தால் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேனில் ஏறுவோம். வெள்ளை விரலைப் பார்த்தால் யாருக்கு எரிச்சல் என்று தெரிந்துவிடும். "இன்னைக்கு ஓங்க வீட்டுலயா சுண்ணாம்பு அடிச்சிருக்கு?" என்று நம் ரூம் பேச்சியம்மாள் எல்லாரையும் கேலி செய்வாள். அவளுக்கும் மாதத்தில் பாதி நாள் அதே வெள்ளை விரல்தான். உங்கள் விரலில் சுண்ணாம்பு காய்ந்ததே இல்லை. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுவீர்கள், எரிச்சல் நின்றதும் அதையும் விட்டுவிடுவீர்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன், மதினி.

ரூம் முழுக்க அலுமினியப் பவுடர் பறந்தது. தீபாவளி ஆர்டர், எல்லாரும் வேகமாகக் குழாய்க்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தோம். உங்களுக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. தும்மிவிட்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்தீர்கள். பிறகு முந்தானையை இழுத்துப் பாயின் ஓரத்தைத் துடைத்தீர்கள். பாய்க்குப் பக்கத்தில் சிந்திய மருந்து கூட்டிக் குவித்துக் கிடந்தது. நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நான் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை உங்களுக்கு நல்ல காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. நான் வேப்பமரத்தில் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தேன். முதலில் போய்ப் பாய் விரிப்பது பேச்சியம்மாள் வழக்கம், முன்னால் போனாள். வெடித்த வேகத்தில் கீழே விழுந்தேன், காது அடைத்துப்போனது. எழுந்து பார்த்தால் நம் ரூம் நின்ற இடத்தில் புகைதான் இருந்தது. அவளுடைய ஒரு செருப்பு மட்டும் வாசலில் கழற்றிவிட்ட மாதிரியே கிடந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிட்டது.

"எந்த ரூமு?"

"நம்ம ரூம்தான் மதினி. பேச்சியம்மா போயிட்டா."

நீங்கள் அழவில்லை. "எந்த மூலை?" என்று கேட்டீர்கள்.

மருந்து ரூம் வெடித்தால் மூலையா மிச்சம் இருக்கும்? காய்ச்சலில் உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். பேச்சியம்மாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"ஏ புள்ள, அது என்னாலதான். நான் நனைச்ச மருந்து. ஞாயித்துக்கெழம பூரா சூடேறிக் கெடந்திருக்கு."

"என்ன பேச்சுப் பேசுறீக? ரெண்டு சொட்டுக்கா ரூமு போகும்?"

"அண்ணாச்சி தெனமும் அதத்தான சொன்னாரு."

செல்வி அப்போது சின்னப்பிள்ளை, அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து முன்னால் நிறுத்தினீர்கள். "யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றீர்கள். ஈரக் கையோடு என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்தீர்கள். நான் சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு நீங்கள் கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டில்தானே இருந்தீர்கள், இனிமேலாவது தண்ணீர் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. பேச்சியம்மாள் வீட்டுத் தெருவழியே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "என்னன்னு சொல்லுவேன்? எம்புட்டு நாளா இருக்குன்னு கேப்பாக. என்ன வேலை பாத்தன்னு கேப்பாக. அங்கன இருந்து அந்த ரூமுக்கு வந்துருவாக" என்றீர்கள். எந்த டாக்டரம்மா அப்படிக் கேட்கப்போகிறார்? ஆனால் உங்களுக்கு அந்த நோய் நோயாகத் தெரியவில்லை, உங்களுக்கு எதிராக நிற்கும் சாட்சியாகத் தெரிந்தது. அதை உடம்புக்குள்ளேயே ஒளித்து வைத்தீர்கள்.

கடைசியில் குளிர் நடுங்கி, முதுகு வலியில் சுருண்டு, வாந்தி நிற்காமல் போனபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூத்திரத்தில் இருந்த கிருமி கிட்னிக்கு ஏறி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். எத்தனை நாளாக என்று கேட்டார் டாக்டர். "ரெண்டு நாளாத்தான்" என்றீர்கள். அந்த நிலையிலும் பொய். நான் தாங்க மாட்டாமல் உடம்புக் கதையை முழுக்கச் சொன்னேன், சனிக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு. "முன்னமே வந்திருந்தா எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கேம்மா" என்றார் அவர். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அந்த முகத்தை மறுபடி நான் உயிரோடு பார்க்கவில்லை.

போனவர் போயிருக்கலாம். போகவில்லையே நீங்கள். இத்தனை வருஷமாகக் கனவில் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். அரக்குச் சேலை, காலடியில் ஈரம். "எந்த மூலை?" என்று கேட்கிறீர்கள். முழித்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் நின்றுகொண்டிருக்கும். அடுப்படிக்குப் போக எனக்கே கூசும்.

இந்த வருஷம் விருதுநகரில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் போர்மேன் அண்ணாச்சியைப் பார்த்தேன். கிழடு தட்டிப்போய், கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நலம் விசாரிக்கவில்லை. உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எந்த மூலையில வெடிச்சது?"

அவர் திடுக்கிடவில்லை. தினமும் நினைத்துக்கொண்டிருப்பவர்போலச் சொன்னார். "வடக்கு மூல. கலந்த மருந்து மீந்துபோச்சு. திங்கக்கெழம லோடு போகணும்னு ட்ரம்மோட அங்கனயே வச்சுப் பூட்டிட்டேன். வைக்கக் கூடாது, கெடந்து சூடேறிரும். அதுக்குத்தான ஜெயிலுக்குப் போயிட்டு வந்தேன்."

"நாங்க வாசப்பக்கம்லா உக்காருவோம். அங்கன கூட்டி வச்ச மருந்து?"

"அத சனிக்கெழம சாயங்காலமே அள்ளி வெளிய குழியில போட்டு எரிச்சாச்சே. எங்கையாலதான் எரிச்சேன்" என்றார். "ஏம்மா கேக்க?"

சும்மாதான் என்று எழுந்து வந்துவிட்டேன். அண்ணாச்சியைப் போலீஸ் பிடித்துப் போனபோது, ரூம் வெடித்தால் போர்மேனைப் பிடிப்பது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு கேள்வி, மதினி. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்த உங்களால் கேட்க முடியவில்லை, சத்தியம் செய்த என்னாலும் உங்கள் காலத்தில் கேட்க முடியவில்லை. அதற்கப்புறமும் கனவில் வந்தீர்கள். "வடக்கு மூலை மதினி, வாசப்பக்கம் இல்ல" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை. மறுபடி அதையே கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் செல்வி தன் பிள்ளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஆனைக்குட்டம் தாண்டியதும் கேட்டாள்.

"அத்தை, அம்மாவுக்கும் இதுதான இருந்துச்சு?"

"ஆமா தாயி. இதுதான்."

"வளையம் வச்சாப் போதும்னாக. மாத்திரையில தீரும்னாக. அப்புறம் ஏன் அவ கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

அவள் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை அவளிடமே எப்படி உடைப்பேன்? மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "வெக்கந்தான், வேற என்ன" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "வெக்கப்பட்டுக்கிட்டா எங்க மூணு பேரையும் விட்டுட்டுப் போனா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிவிட்டேன். இனி உங்கள் மகளுக்கு, வெட்கத்துக்காகப் பிள்ளைகளை விட்டுப் போனவர் நீங்கள். செய்யாத கொலைக்காகச் செத்தீர்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், மதினி.